பின்சீட்டு, இடது பக்கம்

ஜூன் 10, திங்கள்

காலையிலேயே இருபத்தேழு வண்டி. திங்கட்கிழமை என்றால் திருச்சியில் இருக்கும் அத்தனை காருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு படுத்துகிறது. சட்டையில் சர்வீஸ் அட்வைசர் என்று போட்டிருக்கிறார்களே தவிர, வந்தவர் சொல்வதைக் கேட்டு ஜாப் கார்டில் எழுதுவதுதான் என் வேலை. அதிலும் சத்தம் என்று வந்துவிட்டால் படித்தவர், படிக்காதவர் எல்லாரும் வாயாலேயே செய்து காட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். இன்றைக்கு ஒரு ரிட்டையர்டு தாசில்தார், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் 'உய்ய்ங்' என்று வருவதாக மூன்று சுருதியில் பாடிக் காட்டினார். பெல்ட் தளர்ந்திருந்தது. மனுஷன் பாடியது சரியாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. இறங்கியவன் குமரவேல், சாருமதியின் தம்பி. சாருமதி என் மனைவி. மனைவியாக இருந்தவள் என்று எழுத வேண்டும். மூன்று வருஷம் ஆகியும் பேனா பழைய வழியிலேயே போகிறது.

"நல்லா இருக்கீங்களா மா..." என்று ஆரம்பித்து, 'மாமா'வில் பாதியை விழுங்கிவிட்டான். தஞ்சாவூர் கிளையில் இரண்டு தடவை பார்த்தும் சரியாகவில்லையாம். திருச்சிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம். நான் இங்கே இருப்பது சாருமதிக்குத் தெரியாததல்ல. வேறு வழியில்லாமல்தான் அனுப்பியிருப்பாள்.

"ஆக்ஸிலேட்டர் குடுத்து வேகம் எடுக்குறப்ப பின்னாடி டொக்குன்னு ஒரு அடி. அப்புறம் கர்ர்ருன்னு இழுக்குது."

"யாரு சொன்னா?"

"அக்கா சொல்லுச்சு. மொதல்ல கண்டுபிடிச்சது பூவிழிதான்."

பூவிழி என் மகள். பத்து வயது. அந்தப் பெயரை இன்னொருவர் சொல்லிக் கேட்டுப் பதினொரு மாதம் ஆகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை, திருச்சி கோர்ட்டில் இருக்கும் குழந்தைகள் அறையில் நான் அவளைப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போன ஜூலையில் அவள் அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கவுன்சிலர் அம்மா இருக்கும்போதே, "நான் வரல, வீட்டுக்குப் போகணும்" என்றாள். எழுந்து வந்துவிட்டேன். அதோடு சரி, அந்தப் பக்கம் போகவில்லை. பெற்ற பிள்ளை என்றாலும் எனக்கும் ரோஷம் இருக்கிறது.

வண்டியை நானே துவாக்குடி வரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளைகள் உண்டு, வண்டிகளும் அப்படித்தான். திரும்பும்போது ஓரமாக நிறுத்திப் பின்சீட்டையும் செக் பண்ணினேன். இடது பக்கம் ஒரு மஞ்சள் கிளிப், ஒரு துண்டுப் பென்சில், கண்ணாடி முழுக்க விரல் தடம். உள்பக்கம் துடைக்க வேண்டாம் என்று வாட்டர் வாஷில் சொல்லிவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டில் சின்ன விரிசல். அதுதான் காரணம், மாற்றுங்கள் என்றேன். ரவூப் பாய் தலையை ஆட்டினார். முப்பது வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர். "மவுண்ட்டா இருந்தா நிக்கிறப்பவே வண்டி உதறும் தம்பி. இது வேற" என்றார். "நான் சொல்றேன்ல பாய்" என்றேன். மாற்றிக் கொடுத்தாகிவிட்டது.

குமரவேலிடம், மறுபடி சத்தம் வந்தால் உடனே கூப்பிடச் சொல்லிப் பில்லுக்குப் பின்னால் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அது பழைய நம்பர்தான், மாற்றவே இல்லை.

ஜூன் 12, புதன்

போன் வரவில்லை. சத்தம் போய்விட்டது போலிருக்கிறது. நல்லதுதான்.

ஜூன் 14, வெள்ளி

டெலிவரி ஆன மூன்றாம் நாள் கஸ்டமரைக் கூப்பிட்டுத் திருப்தியா என்று கேட்பது எங்கள் சட்டம். எங்கள் ஆபீஸ் பிரிஸில்லா செய்கிற வேலை. இன்றைக்கு அவளுக்கு வேலை அதிகமாக இருந்ததால் ஷீட்டை நான் வாங்கிக்கொண்டேன். அதில் ஐந்து பெயர். நான்கு பேரிடம் பேசிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, ஐந்தாவதைப் போட்டேன்.

"வணக்கம் மேடம், சர்வீஸ் சென்டர்லேர்ந்து பேசுறோம்."

"தெரியுது. சொல்லுங்க."

"எங்க சர்வீஸுக்குப் பத்துக்கு எவ்வளவு மார்க் குடுப்பீங்க?"

"சத்தம் அப்படியேதான் இருக்கு. நாலு போட்டுக்குங்க."

பின்னாலிருந்து ஒரு குரல், "யாரும்மா?" என்று கேட்டது. குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, சளியாக இருக்கலாம். சாருமதி அந்தப் பக்கம் திரும்பி, "கார்க்காரங்க" என்றாள்.

வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிவிட்டு வைத்தேன். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மாவு புளித்துப் பொங்கி ஃப்ரிட்ஜெல்லாம் வழிந்திருக்கிறது. துடைத்துக்கொண்டே இருந்தேன். கார்க்காரன்.

ஜூன் 24, திங்கள்

வெள்ளைக் கார் மறுபடியும் வந்துவிட்டது. ரிப்பீட் கம்ப்ளைன்ட் என்று சிவப்பு அட்டை தொங்கவிட்டார்கள். மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார். கத்தட்டும்.

தனியாக ஓட்டினேன், சத்தம் வரவில்லை. ரவூப் பாய் டீயை ஆற்றிக்கொண்டே, "நீங்க ஒத்தையா ஓட்டுனா எப்படி வரும்? அவங்க வீட்டுல யாரு எங்க உக்காருறாங்கன்னு கேளுங்க" என்றார். குமரவேலைக் கூப்பிட்டேன். அக்கா ஓட்டுமாம். இவன் முன்னால். பூவிழி பின்சீட்டில் இடது பக்கம்.

"வேற யாரும் உக்கார மாட்டாங்களா?"

"அது அவ எடம். யாரையும் விட மாட்டா."

"என்ன எடை இருப்பா?"

"யாருக்குத் தெரியும் மாமா?" என்று சிரித்தான். இந்தத் தடவை மாமாவை முழுங்கவில்லை.

யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு வயதில் டைபாய்டு வந்தபோது நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் மெஷினில் நிறுத்தினார், பதினெட்டு கிலோ. அதற்கு மேல் எனக்குக் கணக்குத் தெரியாது.

இருபது லிட்டர் ஆயில் கேன் கிட்டத்தட்டப் பதினெட்டு கிலோ. ஒன்றைத் தூக்கிப் பின்சீட்டில் இடது பக்கம் வைத்து, சாய்ந்துவிடாமல் சீட் பெல்ட் போட்டேன். ரவூப் பாய் முன்னால் உட்கார்ந்தார். திருவெறும்பூர் வரை போனோம், சத்தம் இல்லை. திரும்பி வந்து கூடவே ஒரு ஜாக்கியை வைத்தேன். அது ஐந்து கிலோ. அப்போதும் இல்லை. ஜாக்கியை எடுத்துவிட்டுப் பழைய பேட்டரி ஒன்றை வைத்தேன், பன்னிரண்டு கிலோ. செகண்ட் கியரில் ஒரு மிதி மிதித்தேன். டொக். கர்ர்ர்.

"வந்துருச்சு" என்று பாய் தொடையில் தட்டினார்.

பதினெட்டும் பன்னிரண்டும் முப்பது. அப்படியென்றால் என் பெண் முப்பது கிலோவுக்கு வந்துவிட்டாள். இப்போது என்னால் அவளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியில் பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். நாற்பத்தொரு வயதில் ஒரு ஆயில் கேனைப் பார்த்து.

ஜூன் 25, செவ்வாய்

லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்தோம். சைலன்சரைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர்களில் கடைசி ரப்பர் கிழிந்திருக்கிறது. பின்னால் எடை இருக்கும்போது ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வண்டியின் பின்பக்கம் இறங்குகிறது, குழாய் போய் பாடியில் இடிக்கிறது. அவ்வளவுதான் விஷயம். பத்து நிமிஷ வேலை.

"மாத்திடவா?" என்றார் பாய்.

"பார்ட் ஸ்டாக்ல இருக்கான்னு பாக்கணும்."

"நாலு கெடக்கே."

"அது வேற மாடலுக்கு" என்றேன். பாய் என்னைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

மத்தியானம் சாருமதிக்குப் போன் போட்டேன். சத்தம் பின்னால் எடை இருக்கும்போதுதான் வருகிறது, வழக்கமாக உட்காருகிறவர்களோடு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று விளக்கினேன். ரொம்ப நேரம் பேசினேன் என்று நினைக்கிறேன்.

"பூவிழியும் வரணுமா?"

"சத்தம் பின்சீட்டுல இடது பக்கம்தான் வருது மேடம்."

"மொதல்ல இந்த மேடத்த விடுங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "அவகிட்ட கேக்குறேன். வரலைன்னா இதுக்கெல்லாம் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றாள்.

ஜூன் 26, புதன்

மெசேஜ் வந்தது. 'சனி பத்து மணி. வர்றா.'

இந்த இரண்டு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எழுதினால் யாராவது சிரிப்பார்கள்.

ஜூன் 27, வியாழன்

சாயங்காலம் ரவூப் பாய் கிளம்பும்போது என் மேஜைக்கு வந்து நின்றார். "எனக்கு எல்லாம் தெரியும் தம்பி, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்தக் குழாய் புள்ள உக்கார்ற பக்கமா தொங்குது. ஓடுறப்ப அறுந்து ரோட்டுல குத்துச்சுன்னா?"

உடனே போய் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். அட்வைசர் ஆன பிறகு ஸ்பேனரைத் தொட்டு ஏழு வருஷம். கிழிந்த ரப்பரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். மற்ற இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அவற்றையும் மாற்றினேன்.

சனிக்கிழமை டெஸ்ட் டிரைவ் இருக்கிறது. வேலை முடிந்த வண்டியையும் ஓட்டிப் பார்ப்பது வழக்கம்தான்.

ஜூன் 29, சனி

பத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பூவிழி அவள் அம்மாவின் தோளுக்கு வந்துவிட்டாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். அந்த மஞ்சள் கிளிப் இனி அவளுக்கு எதற்கென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. நேராகப் போய்ப் பின்கதவைத் திறந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சாருமதி ஓட்டினாள். குமரவேல் உட்காரும் இடத்தில் நான். எங்கள் வீட்டில் கார் இருந்த நாளில் அவள் கையில் ஒருநாளும் ஸ்டியரிங்கைக் கொடுத்ததில்லை. உனக்கு வராது என்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டினாள். என் கால் தானாகத் தரையை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"கால எடுங்க. அங்க பிரேக் இல்ல" என்றாள்.

பின்னால் ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்காகவே இன்னொரு தடவை மிதித்திருப்பேன்.

"எந்த கியர்ல வரும்?" என்று பின்னால் திரும்பிக் கேட்டேன். திரும்பிப் பார்க்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"செகண்ட்ல. டொக்குன்னு வந்துட்டு கர்ர்ர்னு போகும்." தாசில்தாரைவிட நன்றாகச் செய்தாள். ஜன்னலில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். "இப்ப வரவே இல்லையே."

"இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பாப்போம்."

திருவெறும்பூர் தாண்டியது. துவாக்குடி வந்தது. இன்னும் கொஞ்ச தூரம் என்றேன். சாருமதி ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க சரி பண்ணிட்டீங்கதானே?" என்றாள் பூவிழி.

கஸ்டமர்களிடம் தினமும் வாய் கூசாமல் பொய் சொல்கிறவன் நான். பார்ட் வரவில்லை, மெக்கானிக் லீவு, நாளைக்கு ரெடி. அவளிடம் ஒரு பொய்யும் வாயில் வரவில்லை.

"ஆமா. வியாழக்கிழமையே பண்ணிட்டேன்."

"அப்புறம் எதுக்கு வரச் சொன்னீங்க?"

"உன்னப் பாக்கணும்னுதான்."

"பாக்கணும்னா கோர்ட்டுக்கு வந்திருக்கலாம்ல." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நாங்க மாசா மாசம் வந்தோமே."

"எங்க?"

"அந்த ரூமுக்குத்தான். ஒரே ஒரு தடவதான் வரலன்னு சொன்னேன். அன்னிக்கு ஜெனிஃபர் பர்த்டே, கேக் வெட்டிருவாங்கன்னு சொன்னேன். அடுத்த மாசத்துலேர்ந்து எல்லா மாசமும் வந்தேன். நீங்கதான் வரல."

சாருமதியைப் பார்த்தேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "நீங்க இஷ்டம்னா வரலாம், வராம இருக்கலாம். நான் கூட்டிட்டு வந்தே ஆகணும். ஆர்டர் அப்படி" என்றாள்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"நீங்க?"

ஊரில் இருக்கிற கஸ்டமர் எல்லாரையும் மூன்றாம் நாள் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறவன், பதினொரு மாதத்தில் ஒரு தடவைகூடப் பூவிழியைக் கூப்பிட்டு, ஏன் கண்ணு வரலன்னு சொன்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேக் என்று சொல்லியிருப்பாள். ரோஷமாம் ரோஷம்.

சர்வீஸ் சென்டர் வாசலில் என்னை இறக்கிவிட்டார்கள். பின் கண்ணாடி பக்கம் குனிந்து, "அடுத்த ஞாயிறு மொத ஞாயிறு. நான் வர்றேன் பூவி" என்றேன்.

"பாக்கலாம்" என்றாள்.

ஜூலை 3, புதன்

டெலிவரிக்குப் பிந்தைய மூன்றாம் நாள் ஷீட்டில் அவர்கள் பெயரும் இருந்தது. நானே பேசினால் உளறிவிடுவேன் என்று பிரிஸில்லாவிடமே கொடுத்துவிட்டேன். பேசிவிட்டு வந்து, "பத்துக்குப் பத்து சார்" என்றாள்.

"வேற எதாவது சொன்னாங்களா?"

"இல்ல சார். ரப்பர் மாத்துனவருக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க."

ஜூலை 6, சனி

நாளைக்கு எதையாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்று தெப்பக்குளம் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன். கவுன் எடுக்கலாம் என்றால் அளவு தெரியாது. கடைக்காரப் பெண் வயதைக் கேட்டாள், பத்து என்றேன். குண்டா ஒல்லியா என்றாள். முப்பது கிலோ என்று சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

சட்டையை இரண்டு தடவை தேய்த்தேன். இன்றைக்கு என்னவோ நாள் நகரவே மாட்டேன் என்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

பத்தரைக்குத்தான் திறப்பார்களாம். ஒன்பதரைக்கே போய் வாசலில் நின்றேன். திறந்ததும் நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். ஆகஸ்டிலிருந்து ஜூன் வரை, பதினொரு இடத்தில் சாருமதியின் கையெழுத்து. பக்கத்தில் யாரோ ஒரே மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். 'தாயும் குழந்தையும் வந்தனர். தந்தை வரவில்லை.' பதினொன்றையும் படித்தேன்.

அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம், பூவிழி என்று ஒரு பிள்ளை, எங்கே உட்காரும் என்று கேட்டேன். "அந்த நீல நாற்காலிய ஜன்னல்கிட்ட இழுத்துப் போட்டுக்கும் சார். அங்கேர்ந்து பாத்தா வாசல் கேட்டு தெரியும்" என்றாள். நானும் அதை இழுத்துப் போட்டுக்கொண்டேன். சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலி, முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது. டைரியை மடியில் வைத்து எழுதுகிறேன்.

பதினொன்று. பதினொன்று இருபது. பழைய நானாக இருந்தால் இதற்குள் எழுந்து போயிருப்பேன்.

பதினொன்றரைக்குப் போன் போட்டேன். சாருமதி எடுத்தாள். "கெளம்பிட்டோம். செங்கிப்பட்டிகிட்ட வந்ததும் நிறுத்தச் சொன்னா. நீங்க வந்திருக்க மாட்டீங்க, திரும்பிப் போலாங்குறா. ஓரமா போட்டுட்டு உக்காந்திருக்கோம்."

"வந்துட்டேன்னு சொல்லு. போன அவகிட்ட குடேன்."

"சொல்லிட்டேன். பேச மாட்டேங்குறா. கொஞ்சம் விடுங்க, அவளா வரட்டும்."

சரி என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு போன் போடவில்லை.

பன்னிரண்டு. பன்னிரண்டு இருபது. கேட்டுக்குள் ஒரு ஆட்டோ வந்தது, ஒரு பைக் வந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்து எழுந்து உட்காருகிறேன். பதினொரு மாதம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் பார்த்தது இந்த கேட்டைத்தான், அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மற்ற பிள்ளைகளெல்லாம் போய்விட்டார்கள்.

பன்னிரண்டு நாற்பது. ஆயா பொம்மைகளை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, ஃபேனை அணைக்க வந்தாள்.

"ஒரு மணி வரைக்கும் நேரம் இருக்குல்லம்மா" என்றேன்.

"அந்தப் பாப்பாவும் இதையேதான் சார் சொல்லும்" என்றாள்.